ஒல்லாந்தர் அடுக்களையும் நம் அடுக்களையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் சங்க இலக்கியம் பற்றியோ, கம்பன் கவிநயம் பற்றியோ பேசுதல் நம் சங்கத்து மரபு. அதற்குரிய புலமை எமக்கில்லை. யாம் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலந்தள்ளும் எழுத்தர். ஆகவே எமக்குத் தெரிந்ததும் அனைவரும் நாள்தோறும் துய்ப்பதுமான பொருளொன்றைத் தெரிந்துகொண்டோம். அதுவே அடுக்களை. அதிலும் ஒல்லாந்தர் அடுக்களை. தலைப்பைக் கேட்ட செயலாளர் முதலில் நகைத்தார். பின்னர், "பந்திக்கு முன் பேசுகிறவர் உணவைப் பற்றிப் பேசினால் அவையோர் எழுந்து போகமாட்டார்கள்" என்று சொல்லி இசைவளித்தார்.

டச்சுக்காரர் என்று நாம் வழங்கும் ஒல்லாந்தர்க்கும் கொல்கத்தாத் தமிழர்க்கும் என்ன உறவு என்று வினவுவீர்கள். ஹௌராவிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதையே அதற்கு விடை கூறும். 1854ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு முதற் பயணிவண்டி ஓடிற்று. இன்றும் அவ்வழியில் பாண்டெல் லோக்கல் ஏறி அமர்ந்தால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஐரோப்பாவின் நான்கு நாடுகளைக் கடந்துவிடலாம். ஸ்ரீராம்பூர் டேனியருடையதாக இருந்தது. சந்தன்நகர் பிரெஞ்சுக்காரருடையது. அடுத்து வரும் சின்சுரா ஒல்லாந்தருடையது. வண்டி நிற்கும் பாண்டெலில் போர்த்துகேசியரின் மாதா கோயில் நிற்கிறது. நாற்பது கிலோமீட்டருக்குள் இத்தனை கொடிகள் பறந்த வேறொரு பாதை இந்திய ரயில்வேயில் உண்டா என்பது ஐயமே.

இவ்வொல்லாந்தர் வங்கத்துக்கு வந்தது நம் கரையிலிருந்துதான். 1602இல் தொடங்கிய அவர்தம் கிழக்கிந்தியக் கும்பினி, சோழமண்டலக் கரையில் பழவேற்காட்டைத் தன் இருப்பிடமாகக் கொண்டது. 1613இல் அங்குக் கெல்ட்ரியா என்னும் கோட்டை எழுந்தது. 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகேசியரிடமிருந்து கைப்பற்றினர். 1690இல் தலைமையிடத்தை அங்கே மாற்றினர். 1781இல் அதனை ஆங்கிலேயரிடம் இழந்தனர். நெசவுத்துணி வாங்கவே அவர்கள் நம் கரைக்கு வந்தனர் என்பது பாடநூற் செய்தி. பழவேற்காட்டிலிருந்து நம் மக்களையே அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தாவியாவுக்குக் கொண்டு சென்றனர் என்பதையும் மறத்தல் ஆகாது. அவர்தம் அடுக்களையை யாம் புகழப் போகிறோமேயன்றி, அவர்தம் ஆட்சியை அன்று.

ஒல்லாந்தர் வீட்டுச் சமையல் எத்தகையது? குளிரும் ஈரமும் மிக்க தாழ்ந்த நிலத்தில் வாழும் உழவர் சமையல் அது. நாள் முழுதும் ரொட்டியும் பாலடைக்கட்டியும் உண்டு, மாலை 6 மணிக்கே அடுப்பேற்றிய ஒரே சூடான உணவை உண்டு முடிப்பர். உருளைக்கிழங்கு, ஒரு காய், ஒரு துண்டு இறைச்சி, அவ்வளவே. கேரட்டையும் வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒன்றாய் வேகவைத்து மசித்தால் அது ஹுட்ஸ்பொட். கிழங்கோடு கீரையை மசித்தால் ஸ்டாம்பொட். மசித்ததைத் தட்டில் குவித்து, நடுவே கரண்டியால் குழி செய்து, அக்குழியில் இறைச்சிச் சாற்றை ஊற்றுவர். இதனைப் படித்தபோது எமக்கு வியப்பு மேலிட்டது. சோற்றில் குழி கட்டிக் குழம்பு ஊற்றும் வழக்கம் நமக்கு மட்டுமே உரியதென்று எண்ணியிருந்தோம்!

பட்டாணிப் பருப்பைக் குழைய வேகவைத்து அவர்கள் செய்யும் எர்டென்சூப் என்னும் கஞ்சி, நட்ட கரண்டி சாயாமல் நிற்கும் அளவு கெட்டியாக இருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு இல்லத்தரசியர் வைத்த இலக்கணம். நம் பாட்டிமார் மோர்க்குழம்புக்கும் ரசத்துக்கும் இத்தகைய இலக்கணம் வைத்திருக்கிறார்கள் அல்லவா? ஹுட்ஸ்பொட்டுக்கு ஒரு கதையும் உண்டு. ஸ்பானியர் லைடன் நகரை முற்றுகையிட்டுப் பின்னர் இரவோடிரவாக ஓடினர். அவர்கள் விட்டுச் சென்ற பாசறையில் இவ்வுணவு நிறைந்த பானையொன்று கிடைத்ததாம். அது 1574ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள். இன்றும் அந்நாளில் லைடன் மக்கள் ஹுட்ஸ்பொட் சமைத்து உண்கின்றனர். அன்றைய பானையில் உருளைக்கிழங்கு இருந்திருக்க முடியாது. அக்கிழங்கு அந்நாட்டு மக்களின் உணவாகப் பரவியது பின்னரே. ஆயினும் கதை கதையாகவே நிற்கிறது. நம் தலபுராணங்களை நம்பும் நாம் லைடன் மக்களைக் குறை கூறுதல் தகாது.

இத்தனை எளிய சமையலில் ஓரிடத்தில் மட்டும் கீழ்த்திசையின் மணம் வீசும். பூக்கோசையும் அவரையையும் வேகவைத்து, மேலே சாதிக்காயைத் துருவித் தூவுவர். சீரகமிட்ட பாலடைக்கட்டி ஒன்றுண்டு, கிராம்பிட்டது மற்றொன்று. இலவங்கப்பட்டை மணக்கும் மாச்சில்லை இல்லாமல் டிசம்பர் 5ஆம் நாள் மாலை அவர்கள் கொண்டாடும் நிக்கோலாசு திருநாள் நிறைவுறாது. அச்சாதிக்காய் பந்தாத் தீவுகளினின்று வந்தது. 1621இல் ஒல்லாந்தர் அத்தீவுகளைப் பிடித்தபோது அத்தீவு மக்களுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், அல்லது அடிமையாயினர், அல்லது ஊரைவிட்டு ஓடினர். ஓர் எளிய வீட்டுக் கறியின் மேல் தூவும் பொடியிலும் எத்தனை குருதி கலந்திருக்கக்கூடும் என்பதை எண்ணுந்தோறும் மனம் நடுங்குகிறது.

இனி, நம் பொருளின் நடுவிடத்துக்கு வருவோம். இவ்வடுக்களை கடல் கடந்தபோது என்ன ஆயிற்று?

சின்சுராவில் ஒல்லாந்தர் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் இருந்தனர். 1824இல் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, சுமத்திராத் தீவில் ஆங்கிலேயரிடமிருந்த பெங்கூலனைப் பெற்றுக்கொண்டு, மலாக்காவோடு சின்சுராவையும் கொடுத்துவிட்டு நீங்கினர். உணவைப் பொறுத்தமட்டில் அவர்கள் இங்கே செய்த பெருஞ்செயல் ஒன்றுண்டு. இன்று இந்நகரின் வடகோடியில் உள்ள பராநகரில் பன்றியிறைச்சியை உப்பிடும் கூடம் வைத்திருந்தனர். 1676இல் அவ்வழியே சென்ற ஆங்கிலக் கும்பினி அதிகாரி ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர், ஆண்டுக்கு 3,000 பன்றிகள் அளவில் அங்கே அறுத்து உப்பிடப்படுகின்றன என்று குறித்துவைத்தார். அத்தனையும் கப்பலோட்டிகளுக்கு. வீட்டுக்கன்று. பட்டும் வெடியுப்பும் அபினும் ஏற்றிச் செல்ல வந்தவர்க்குக் கப்பற் சோறே போதுமானதாயிற்று. ஆகவே சின்சுராவில் இன்று எஞ்சியிருப்பவை கல்லறைகள். வங்க மொழியில் எஞ்சியிருப்பவை சீட்டாட்டச் சொற்கள்: ஹர்த்தன், ருயித்தன், இஸ்காபன், துருப். இந்நான்கும் ஒல்லாந்தர் சொற்களே. மாலையில் லேக் ஓரத்து மண்டபத்தில் அமர்ந்து நம் வங்க நண்பர்கள் "துருப்" என்று சீட்டை அடிக்கும்போது, 17ஆம் நூற்றாண்டுக் கப்பலோட்டி ஒருவனுடைய குரலே எழுகிறது. அடுக்களையில் அவன் குரல் இல்லை.

இலங்கையை நோக்குங்கள். 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கொண்ட ஒல்லாந்தர் 1796 வரை அங்கே ஆண்டனர். ஆட்சி போயிற்று, அடுக்களை போகவில்லை. யாழ்ப்பாணத் தமிழர் பீன்ஸை "போஞ்சி" என்பர். அது ஒல்லாந்தரின் "போன்ச்சி" தான். சிங்களத்தில் உருளைக்கிழங்குக்கு "அர்த்தாப்பல்" என்று பெயர். அதுவும் அவர்தம் சொல்லே. சித்திரைப் புத்தாண்டில் தமிழர் வீட்டிலும் சிங்களவர் வீட்டிலும் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்து, இரும்பு அச்சைத் தோய்த்துப் பொரித்தெடுக்கும் பலகாரம் "கொக்கிஸ்." ஒல்லாந்தர் "கூக்கியஸ்" என்பதன் திரிபு அது. ஆங்கிலத்தில் "குக்கி" என்று வழங்குவதும் அதே வேர்ச்சொல்லில் பிறந்ததே.

ஏன் இவ்வேறுபாடு? எம் சிற்றறிவுக்கு எட்டிய காரணம் இதுதான். சின்சுராவில் இருந்தவர் பெரும்பாலும் வணிகரும் வீரரும். அவர்தம் எண்ணமெல்லாம் ஊர் திரும்புவதில் இருந்தது. இலங்கையில் பலர் குடும்பமாகத் தங்கிவிட்டனர். அந்நாட்டுப் பெண்களையும் கலப்பு மரபினரையும் மணந்தனர். பறங்கியர் என்று தமிழில் வழங்கும் அவர் வழித்தோன்றல்கள் தங்களுக்கெனச் சங்கமும் அமைத்துக்கொண்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் தோன்றிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் இன்றும் இயங்குகிறது. ஒல்லாந்தைக் கண்ணாலும் காணாத பெண்கள், ஒல்லாந்துக் கணவரின் தாய் சமைத்ததைக் காதால் மட்டுமே கேட்டு, கைக்குக் கிடைத்த பொருளைக்கொண்டு சமைத்தனர். வீடு இருந்த இடத்தில் உணவு நிலைத்தது. கிடங்கு இருந்த இடத்தில் கல்லறை நிலைத்தது.

அவ்வாறு பிறந்தவற்றுள் தலையாயது லம்ப்ரைஸ். "பொட்டலச் சோறு" என்று பொருள்படும் ஒல்லாந்தச் சொல்லினின்று வந்த பெயர். இறைச்சிச் சாற்றில் வேகவைத்த சோறு, பலவகை இறைச்சி கலந்த கறி, பிரிக்கடெல் என்னும் இறைச்சி உருண்டை, கத்தரிக்காய்ப் பிரட்டல், இறாலிட்ட பிளாச்சான் சம்பல் ஆகியவற்றை வாட்டிய வாழையிலையில் வைத்துப் பொதிந்து, மீண்டும் அடுமனையில் வேகவைப்பர். பெயர் ஒல்லாந்தருடையது. இறைச்சி உருண்டையும் அவருடையது. பிளாச்சான் மலாய்க்காரருடையது. கறித்தூள் சிங்களவருக்கும் தமிழருக்கும் உரியது. வாழையிலையோ, சொல்லவும் வேண்டுமோ? நம் கட்டுச்சோற்று மூட்டைக்கு இதனை ஒன்றுவிட்ட தம்பி என்னலாம். நாம் சொல்ல வருவது யாதெனில், இந்த லம்ப்ரைஸ் ஒல்லாந்து நாட்டில் எவ்வீட்டிலும் பிறந்ததன்று. தாய்நாட்டில் இல்லாத "தாய்நாட்டு உணவு" இது. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தபின் பறங்கியர் பெருந்தொகையினராய் ஆஸ்திரேலியா சென்றனர். பொட்டலமும் உடன் சென்றது. இன்று மெல்போர்ன் நகரிலும் வாழையிலைப் பொதி கிடைக்கிறது. அங்குள்ள இளையோர்க்கு அதுவே பாட்டி வீட்டு உணவு. அப்பாட்டியின் பாட்டிக்கு எது வீட்டுணவு என்று யார் சொல்ல வல்லார்?

இதன் எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் உண்டு. இந்தோனேசியா விடுதலை பெற்றபின் அங்கிருந்து ஏறத்தாழ 3 லட்சம் பேர் ஒல்லாந்துக்குக் குடியேறினர். அவர்களுடன் வறுத்த சோறும் சம்பலும் சென்றன. இன்று "நாசி கோரெங்" ஒல்லாந்தர் வீட்டில் அன்றாட உணவு. அதே காலத்தில், போரினால் நொந்த ஒல்லாந்தர் பல்லாயிரவர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினர். அங்கே உருளைக்கிழங்குக்குக் குறைவில்லை. உப்பிட்ட இளம் ஹெர்ரிங் மீனும், கறுத்த அதிமதுர மிட்டாயும், புகையூட்டிய தொத்திறைச்சியுமே அவர்களை ஏங்கவைத்தன. அதிமதுரத்தை உப்பிட்டு மிட்டாயாக்கி மெல்லும் மக்கள் உலகில் மிகச் சிலரே. அயலார் வாயில் வைத்ததும் துப்பிவிடுவர் என்பர். அதற்காகவே தனிக்கடைகள் தோன்றின. நமக்கு நார்த்தங்காய் ஊறுகாயும் சுண்டைவற்றலும் எப்படியோ, அவர்க்கு அது அப்படி.

புலம்பெயர்ந்த சமையல் நிலைப்பதற்கு வாய்மொழி மட்டும் போதாது, ஏடும் வேண்டும். 1910இல் ஆம்ஸ்டர்டாம் மனையியற் பள்ளியின் ஆசிரியை வன்னே அம்மையார் எழுதிய சமையல் நூல் பல பதிப்புகள் கண்டது. இலங்கையில் 1929இல் ஹில்டா டியூட்ரம் அம்மையார் தொகுத்த சமையல் நூல், பறங்கியர் பண்டங்களை அச்சில் ஏற்றி அழியாது காத்தது. நம்மிடையே மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட "சமைத்துப் பார்" நூலை அறியாதார் இரார். அது பிறந்த காரணத்தை நினைவிற் கொள்ளுங்கள். குடும்பத்து இளம்பெண்கள் வெளியூர்களில் குடியேறி, "இது எப்படிச் செய்வது, அது எப்படிச் செய்வது" என்று அம்மையார்க்குக் கடிதம் எழுதிக்கொண்டேயிருந்தனர். ஒவ்வொருவர்க்கும் விடை எழுதிச் சலிப்பதினும் நூலாகவே எழுதிவிடலாமே என்று உறவினர் கிருஷ்ணசாமி ஐயர் தூண்டினார். புலம்பெயர்ந்த பெண்ணின் கடிதமே அந்நூலுக்கு வித்து.

நம் நிலைக்கு வருவோம். பெங்கால் நாக்பூர் ரயில்வே காலத்திலிருந்து கார்டன் ரீச்சுக்கும் கரக்பூருக்கும் எழுத்தராகவும் தட்டச்சராகவும் கணக்கராகவும் வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. எம் தந்தையாரும் அவ்வகையினரே. லேக் மார்க்கெட் அருகே குடியிருந்தோர்க்குக் கறிவேப்பிலை, வாழையிலை, காப்பிப்பொடி, அப்பளம் ஆகிய அனைத்தும் நடந்துபோகும் தூரத்தில் கிடைத்தன. மற்றைப் பகுதியினர் ஞாயிறுதோறும் பையெடுத்து டிராம் ஏறி வந்தனர். இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். காய்கறியைப் பொறுத்தவரை வங்கம் நமக்கு அயல்நாடே அன்று. வாழைப்பூவை "மோச்சா" என்றும், வாழைத்தண்டை "தோர்" என்றும், முருங்கைக்காயை "சொஜ்னே டாண்டா" என்றும் பெயர் சொல்லி நம்மினும் ஆர்வமாக உண்பவர் வங்கத்தார். புடலையும் நீற்றுப்பூசணியும் அவர்தம் சந்தையிலும் குவிகின்றன. பஞ்சாபில் குடியேறியிருந்தால் நம் பாடு என்னவாகியிருக்கும்!

தட்பவெப்பம்தான் நம்மை மாற்றிற்று. தை மாதத்து இரவில் இந்நகரம் 12, 13 பாகைக்குக் குளிரும்போது, சென்னைக் கணக்கில் அரைத்து வைத்த இட்லி மாவு மறுநாள் நண்பகல் வரை அசையாது. நம் அன்னையர் பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி அடுப்பு மேடையருகே வைத்தனர். சிலர் அரிசிப் பெட்டிக்குள் புதைத்து வைத்தனர். உளுந்தின் அளவைக் கூட்டியோரும் உண்டு. வைகாசியிலோ நான்கு மணி நேரத்தில் பொங்கிப் புளித்து வழியும். எந்த மாதத்தில் எத்தனை மணிக்கு அரைக்க வேண்டும் என்னும் பஞ்சாங்கம் அவர்தம் தலைக்குள் இருந்தது. அப்பஞ்சாங்கம் சென்னையில் அச்சான எந்த நூலிலும் இல்லை. இருக்கவும் நியாயமில்லை.

நம் உறுப்பினர் ஒருவரின் மகள் பொறியியல் பயின்று ஒல்லாந்தில் ஐந்தோவன் நகரில் பணிபுரிகிறாள். எம்மை மாமா என்றழைப்பவள். ஒல்லாந்தர் சமையலில் எம் நாட்டம் சென்றதற்கு அவளே காரணம். சென்ற ஆண்டுக்கு முன்னாண்டு விடுமுறையில் வந்தவள், வீட்டார்க்கும் எமக்கும் தன் கையால் ஹுட்ஸ்பொட் சமைத்துப் படைத்தாள். அவளுடைய பாட்டியார் ஒரு வாய் உண்டு, சற்றே சிந்தித்து, "காரம் போட மறந்துபோன பொடிமாஸ்" என்று தீர்ப்பளித்தார். பின் எழுந்து சென்று, கடுகும் கறிவேப்பிலையும் மிளகாய் வற்றலும் தாளித்து அதன் தலையில் கொட்டினார். பெண் முதலில் சினந்தாள். பின்னர் இருமுறை கேட்டு வாங்கி உண்டாள். ஐந்தோவன் திரும்பியபின் அலுவலக நண்பர்க்கு அதையே செய்து கொடுத்தாளாம். அவர்களும் மறுக்கவில்லையாம். லம்ப்ரைஸ் பிறந்த கதை இப்படித்தான் இருந்திருக்கும்.

அப்பாட்டியார் தஞ்சைத் தரணியில் பிறந்து, பதினேழு வயதில் இந்நகர்க்கு வந்தவர். தைப்பொங்கலன்று அவர் சமைக்கும் சர்க்கரைப் பொங்கலை இவ்வவையில் பலர் சுவைத்திருப்பீர்கள். நம் சங்கத்துப் பொங்கல் விழாப் பானை அவர் கைவண்ணமே. பச்சரிசிக்கு மாற்றாகக் கோவிந்தபோக் அரிசி. வெல்லத்துக்கு மாற்றாக நொலேன் குட் என்று வங்கத்தார் போற்றும் புதிய பேரீச்ச வெல்லப்பாகு. அது குளிர்காலத்தில் மட்டும் கிடைப்பது. பொங்கலும் அக்காலத்தில் வருவது. பாசிப்பருப்பும் நெய்யும் முந்திரியும் நம் வழக்கப்படி. இது தஞ்சைப் பொங்கலா? அன்று. வங்கத்தாரின் பாயேஷா? அதுவும் அன்று. கொல்கத்தாத் தமிழச்சி ஒருத்தியின் அடுப்பிலன்றி உலகில் வேறெங்கும் பிறவாத பண்டம் அது.

பாட்டியார் சென்ற ஆவணியில் இறைவனடி சேர்ந்தார். இவ்வாண்டு பொங்கலுக்கு முன்னாள் இரவு ஐந்தோவனிலிருந்து எம் இல்லத்துக்குத் தொலைபேசி வந்தது. பாட்டி கொடுத்தனுப்பிய வெல்லப்பாகுப் புட்டி ஒன்று அவளிடம் இருந்தது. அதனைப் பாலும் அரிசியும் கொதிக்கும் பானையில் ஊற்றினாள். பால் திரிந்துபோயிற்று. "பாட்டி எப்போது ஊற்றுவார்?" என்று கேட்டாள். அவள் தாயார்க்கும் தெரியவில்லை. எம் இல்லாளுக்கும் தெரியவில்லை. இருபதாண்டுகளாக அப்பானையைச் சுற்றி நின்று உண்டவர் எவர்க்கும் தெரியவில்லை. வங்க அண்டை வீட்டம்மையாரே விடை சொன்னார்: பாயேஷுக்கு அவர்கள் அடுப்பை அணைத்து, சூடு தணிந்தபின்னரே பாகு சேர்ப்பர். அப்படியாயின் எவ்வளவு நேரம் தணிய வேண்டும்? பருப்புச் சேர்ந்த பொங்கலுக்கும் அதே கணக்கா? அதற்கு அவரிடமும் விடையில்லை.

பாட்டியாரின் தங்கையார் கரக்பூரில் இருக்கிறார் என்று நினைவு வந்தது. அலுவல் நிமித்தம் அங்குச் சென்ற நாளில் அவரைக் கண்டு வினவினோம். "அக்காள் பானையின் கழுத்தில் கையை வைத்துப் பார்ப்பாள். கை பொறுத்தால் ஊற்றுவாள். பாலை முன்பே நன்றாகச் சுண்ட விட்டுவிடுவாள்" என்றார். ஏழெட்டுச் சொற்களில் அடங்கும் செய்தி. அதற்காகக் கரக்பூர் வரை செல்ல நேர்ந்தது. நல்வாய்ப்பாக அத்தங்கையார் நலமாக இருந்தார்.

இளைஞர்கள் எம்மை இடைமறித்து, "கைப்பேசியில் எல்லாச் சமையலும் படமாகக் கிடைக்கின்றதே, ஏடு எதற்கு?" என்று கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள். கைப்பேசியில் சர்க்கரைப் பொங்கல் செய்முறை ஆயிரம் உண்டு; மறுக்கவில்லை. அவை மயிலாப்பூர்க் கடையில் பொருள் வாங்குவோர்க்குரியவை. தஞ்சைச் சமையலைத் தஞ்சை காத்துக்கொள்ளும். வங்கச் சமையலைக் காக்க வங்கம் இருக்கிறது. லம்ப்ரைஸைக் காக்க ஒல்லாந்து முன்வரவில்லை. ஏனெனில் அது ஒல்லாந்தில் இல்லை. கொழும்புப் பறங்கியரே ஏட்டில் எழுதிக் காத்தனர். நம் கொல்கத்தாப் பொங்கலுக்கும் நம்மையன்றி வேறு நாதியில்லை. நம் பிள்ளைகளோ பெங்களூருக்கும் ஐந்தோவனுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆண்டு விழாவில் நாற்காலி போடும்போது நமக்கே கணக்குத் தெரிகிறது.

ஆகவே செயற்குழு ஒரு குறிப்பேட்டைத் தொடங்கியுள்ளது. குடும்பத்துக்கு ஒரு பண்டமேனும் எழுதித் தருமாறு வேண்டுகின்றோம். ஊரில் செய்யும் பண்டம் வேண்டா. இந்நகரில் மாறிய பண்டமே வேண்டும். எம் போன்ற கணக்கருக்கு இயல்பான சில வேண்டுகோள்களும் உண்டு. ஆழாக்கு, உழக்கு, பலம், வீசை என்று எழுதினால் ஐந்தோவனில் இருப்பவள் விழிப்பாள். ஆழாக்கு ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்தது என்பதைப் பெரியோர் அறிவர். கிராமிலும் மில்லிலிட்டரிலும் எழுதுங்கள். அளவு தெரியாதாயின், அடுத்த முறை சமைக்கும்போது மகனையோ மருமகளையோ தராசுடன் அருகில் நிறுத்துங்கள். "பதமாக" என்று எழுதினால், எது பதம் என்றும் ஒரு வரி சேர்த்தெழுதுங்கள். கடுகெண்ணெயில் செய்ததை நல்லெண்ணெய் என்று மாற்றி எழுத வேண்டா; இதில் நாணத்துக்கு இடமில்லை. மீன் சமைக்கும் குடும்பத்தினர் இலிசா மீன் குழம்பை எழுதாமல் விட்டுவிட்டால் யாம் நேரில் வந்து கேட்போம். தமிழ் எழுதத் தெரியாத இளையோர் வங்க எழுத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கொடுக்கலாம். பெயர்த்தெழுதும் பொறுப்பை யாம் ஏற்றுக்கொண்டோம். அலுவலகத்தில் இருபதாண்டு பழகிய வேலைதானே.

முதற் பக்கத்தில் கரக்பூர் அம்மையார் சொன்னபடி பேரீச்ச வெல்லப் பொங்கலை எழுதியுள்ளோம். சென்ற மாதம் எம் இல்லத்தில் அதனைச் செய்து பார்த்ததில் பால் திரியவில்லை. இனிப்பு மட்டும் சற்றுக் கூடிற்று என்பது எம் இல்லாளின் கருத்து. அதனையும் ஓரத்தில் குறித்திருக்கிறோம். ஏடு பந்தி மண்டபத்தின் வாயிலில் மேசைமேல் இருக்கிறது. பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். இலை போட்டாயிற்று என்று செயலாளர் சைகை காட்டுகிறார். முதற்பந்தியில் அமர்வோர் கைகழுவி வரும்போது எழுதலாம். இரண்டாம் பந்தியினர் காத்திருக்கும் நேரத்திலேயே எழுதிவிடலாம்.